தங்கம் தேட மெட்டல் டிடெக்டர்: மண்ணைப் பார்த்து வாங்குவது எப்படி?

கடலை பிடுங்கிய அன்று மதினியின் ஒற்றைக் கம்மல் காட்டில் விழுந்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் காது வெறுமையாக இருப்பது தெரிந்தது. திருகாணி கழன்றிருக்கிறது. கால் பவுன்தான், ஆனால் அவர்கள் அம்மா போட்டு அனுப்பிய நகை. மூன்று நாள் சல்லடை வைத்துச் சலித்தும் கிடைக்கவில்லை.

இணையத்தில் பார்த்து ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். மூன்று மீட்டர் ஆழம் வரை எடுக்கும் என்று விற்றவர் சொன்னார். எங்கள் ஊர் செவக்காட்டில் வைத்ததும் அது கத்தாத இடமே இல்லை. வெறும் மண்ணுக்கே கத்தியது. 'எவ்வளவு ஆழம் எடுக்கும்?' என்று கேட்டு வாங்கியிருந்தேன். 'எங்கள் மண்ணில் எடுக்குமா?' என்று கேட்டிருக்க வேண்டும். முதல்முறை வாங்குகிறவர்கள் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: எதை, எங்கே தேடப் போகிறீர்கள்?

டிடெக்டர் கட்டித் தங்கத்தைத்தான் கண்டுபிடிக்கும், தங்கத் தூளை அல்ல. கோலார் சுரங்கத்தில் தங்கம் பெரும்பாலும் பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாத பொடியாகக் கலந்திருந்தது. அதற்காக மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள், 2001இல் மூடிவிட்டார்கள். அந்த மாதிரிப் பாறை மேல் எந்த டிடெக்டரை வைத்தாலும் சத்தம் வராது. ஆஸ்திரேலியாவில் கதை வேறு. அங்கே கட்டிகள் மேல்மண்ணிலேயே கிடக்கும். 1980இல் விக்டோரியா மாநிலத்தில் கிங்கோவர் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒருவர் டிடெக்டரை வைத்தே 27 கிலோ எடையுள்ள கட்டியைத் தோண்டி எடுத்தார்.

நம் திருநெல்வேலிச் சீமையில் அப்படித் தங்கம் விளைகிற மண் இல்லை. இங்கே டிடெக்டருக்கு வேலை, தொலைந்த நகையைத் தேடுவது. வயலில் விழுந்த கம்மல், குறுக்குத்துறைப் படித்துறையில் நழுவிய மோதிரம், திருச்செந்தூர்க் கடலில் குளிக்கும்போது போன மூக்குத்தி. வேலைக்காகப் பெர்த், மெல்போர்ன் போன நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அங்கே வார விடுமுறையில் கட்டி தேடப் போகிறார்கள். என் அக்கா மகனும் அப்படித்தான். இரண்டு வேலைக்கும் வேண்டிய கருவி ஏறக்குறைய ஒன்றே, ஏனென்றால் இரண்டிலும் தேடுவது மண்ணுக்குள் இருக்கும் சின்னத் தங்கத்தை.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் உரிமம் இல்லாமல் கனிமம் தேடக் கூடாது. 1957ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் பழையது. மண்ணுக்குள் மறைந்து கிடந்த பொருள் 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆதிச்சநல்லூர்ப் பரம்பு பக்கம் டிடெக்டரோடு போகவே போகாதீர்கள். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அங்கே அகழ்ந்தபோது முதுமக்கள் தாழிகளோடு தங்க நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. ஒரு பொருள் எந்தத் தாழியில், எந்த ஆழத்தில் இருந்தது என்பதை வைத்துத்தான் நம் முன்னோர் வரலாற்றைப் படிக்க முடிகிறது. யாரோ ஒருவர் தோண்டி எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் கிழிந்ததுதான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் தேடுகிறவர்கள் மைனர்ஸ் ரைட் என்ற அனுமதிச் சீட்டை முதலில் வாங்க வேண்டும். தனியார் நிலமாக இருந்தால் உடையவரிடமும் கேட்க வேண்டும்.

படி 2: அலைவரிசையைப் பாருங்கள்

டிடெக்டரின் அடியில் வட்டமாக இருப்பது காயில். அது ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்பும். உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, பதிலுக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தைத் திருப்பித் தரும். தங்கம் நல்ல கடத்திதான். ஆனால் துண்டு மிளகை விடச் சிறியதாக இருந்தால் அந்த மின்னோட்டம் உண்டானதும் அடங்கிவிடும். அதைப் பிடிக்க வேகமான அலை வேண்டும்.

நாணயம் தேடும் சாதாரண டிடெக்டர்கள் 7, 8 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு ஏழெட்டாயிரம் அலையில் ஓடும். தங்கத்துக்கென்றே செய்தவை அதைவிட மேலே. 'கேரெட் ஏடி கோல்டு' 18 கிலோஹெர்ட்ஸ், 'மைன்லேப் கோல்டு மான்ஸ்டர் 1000' என்பது 45, 'நோக்டா கோல்டு க்ரூஸர்' 61, 'ஃபிஷர் கோல்டு பக் 2' என்பது 71. கிலோஹெர்ட்ஸ் ஏற ஏறப் பொடித் தங்கம், அதாவது மிளகை விடச் சின்னத் துண்டு, நன்றாகக் கேட்கும். ஆழம் கொஞ்சம் குறையும், மண்ணின் இரைச்சலும் கூடும். மோதிரமும் கம்மலும் தேட 18 போதும். மூக்குத்தி அளவுக்குத் தேடுகிறவர்கள் 45க்கு மேல் போகலாம்.

மெல்லிய செயின் மட்டும் தனி ரகம். டிடெக்டர் அதை முழுச் செயினாகக் கேட்பதில்லை. ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனிப் பொடியாகத்தான் கேட்கும். இரண்டு பவுன் செயின் காலடியில் கிடந்தும் சத்தம் வராமல் போகலாம். கொக்கியோ டாலரோ கேட்டால் உண்டு. யாராவது செயினைத் தேடக் கூப்பிட்டால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வீணாக நம்பிக்கை வைத்துவிடுவார்கள்.

படி 3: உங்கள் மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

என் முதல் கருவி தோற்றது இங்கேதான். செம்மண் சிவப்பாக இருப்பதே இரும்பு ஆக்சைடால். குதிரைமொழித் தேரி, சாத்தான்குளத்துத் தேரி என்கிற செம்மணல் மேடுகளில் அதோடு இல்மனைட் என்ற இரும்பு கலந்த கருப்புக் கனிமமும் இருக்கிறது. உவரி பக்கம் கடற்கரையில் கருப்பு மணல் கோடு கோடாகப் படிந்திருக்குமே, அதுவும் கன மணல்தான். ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு உங்கள் மண்ணில் இழுத்துப் பாருங்கள். கவரில் கருப்புத் தூள் மீசை மாதிரி ஒட்டினால், அந்த மண்ணே டிடெக்டரைக் கத்த வைக்கும்.

அதற்கு மருந்து 'கிரவுண்ட் பேலன்ஸ்'. உலோகம் இல்லாத இடத்தில் காயிலை மண்ணுக்கு இரண்டு விரற்கடை மேலிருந்து முழங்கால் வரை ஏற்றி இறக்கி, சத்தம் மாறாமல் நிற்கும் வரை சரிசெய்ய வேண்டும். கோல்டு மான்ஸ்டர் இதைத் தானே செய்துகொள்ளும். புதியவர்களுக்கு அதுதான் நிம்மதி. கோல்டு பக் 2இல் கையால் திருக வேண்டும். காது பழகியவர்களுக்கு அது பிடிக்கும். இந்த வசதியே இல்லாத கருவியைச் செம்மண் ஊர்க்காரர்கள் வாங்க வேண்டாம்.

இதுவரை சொன்னவை எல்லாம் வி.எல்.எஃப் வகை, அலையை நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருப்பவை. பி.ஐ (பல்ஸ் இண்டக்‌ஷன்) என்று இன்னொரு வகை உண்டு. அது ஒரு துடிப்பை அனுப்பி, நிறுத்தி, அப்புறம்தான் காது கொடுக்கும். அதற்குள் மண்ணின் இரைச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும். அதனால் கடுமையான செம்மண்ணிலும் ஆழமாகப் போகும். மைன்லேப் ஜிபிஎக்ஸ் 6000, கேரெட் ஆக்ஸியம் இந்த வகை. ஆனால் விலை லட்சங்களில், அதோடு ஆணியையும் தங்கத்தையும் பிரித்துச் சொல்வதில் கெட்டி இல்லை. ஆஸ்திரேலியக் காட்டில் அது சரி. நம் ஊரில் பழைய வீட்டு மனையில் வைத்தால் நாள் முழுக்க ஆணிதான் தோண்டுவீர்கள்.

ஈரமான கடல் மணலில் உப்பும் மின்சாரம் கடத்தும். அங்கே ஒற்றை அலைவரிசைத் தங்கக் கருவி தடுமாறும். பல அலைவரிசைகளை ஒன்றாக அனுப்பும் ஈக்வினாக்ஸ் 800 போன்றவை தாக்குப்பிடிக்கும்.

படி 4: காயிலும் ஹெட்போனும்

பெரிய காயில் ஆழத்துக்கு, சின்னக் காயில் பொடிக்கும் குப்பை நிறைந்த இடத்துக்கும். முதலில் 5, 6 அங்குலக் காயில் போதும். ஹெட்போன் கட்டாயம் வாங்குங்கள். பொடித் தங்கத்தின் சத்தம் கொசு ரீங்காரத்தை விட மெலிது. காற்றில் அடிபட்டுப் போகும்.

படி 5: கம்பி வைத்த கருவிகளை நம்பாதீர்கள்

ஒரு கிலோமீட்டர் தூரத்திலேயே தங்கத்தைக் காட்டும் என்று ஆன்டெனா மாதிரிக் கம்பி வைத்த கருவிகளை விற்கிறார்கள். இரிடியம் கதை சொல்லி ஏமாற்றுவது போலத்தான் இதுவும். ஏடிஇ 651 என்று ஒரு கருவியை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் என்று சொல்லி ஈராக்குக்கு விற்றார்கள். உள்ளே ஒன்றுமே இல்லை. அதை விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013இல் பிரிட்டனில் 10 ஆண்டு சிறை கிடைத்தது. கையில் பிடிக்கும் டிடெக்டர் எதுவாக இருந்தாலும் மோதிரத்தைச் சாண் ஆழத்தில் எடுத்தால் நல்ல வேலை; மூக்குத்தி என்றால் இரண்டு மூன்று விரற்கடை.

படி 6: பணம் கொடுக்கும் முன் சோதனை

காற்றில் மோதிரத்தை ஆட்டிக் காட்டுவார்கள். அது சோதனை ஆகாது. ஒரு திருகாணி, ஒரு கம்மல், ஒரு மாத்திரை அட்டைத் துண்டு, ஒரு ரூபாய் நாணயம், ஒரு ஆணி எடுத்துக்கொள்ளுங்கள். தங்கத்தை நூலில் கட்டி, நூல் நுனி வெளியே தெரியும்படி உங்கள் ஊர் மண்ணில் புதையுங்கள். சோதனைக்கு வைத்ததே தொலைந்துவிடக் கூடாது. ஸ்கேல் வைத்து முதலில் 3 சென்டிமீட்டர், அப்புறம் 6, அப்புறம் 10.

ஒரு ரூபாய் எஃகு. கம்மலைப் போல ஒலிக்காது. ஆனால் மாத்திரை அட்டையும் பாக்கு பாக்கெட்டின் வெள்ளித் தாளும் அநேகமாகக் கம்மல் மாதிரியே ஒலிக்கும். அந்தக் குப்பையை ஒதுக்கச் சொல்லிக் கருவியில் வைத்தால் தங்கமும் சேர்ந்து போய்விடும். தங்கம் தேடுகிறவர் தாளையும் தோண்டித்தான் ஆக வேண்டும்.

படி 7: தேடுவதும் தோண்டுவதும்

கயிறு கட்டிக் காட்டைப் பாத்திகளாகப் பிரியுங்கள். காயிலை மண்ணை உரசுகிற அளவுக்குத் தாழ்த்தி, மெதுவாக, முந்தின வீச்சின் மேல் பாதி விழும்படி வீசுங்கள். செல்போனை வரப்பில் வைத்துவிடுங்கள். களைவெட்டியைத் தள்ளி வையுங்கள்.

சத்தம் வந்த இடத்தில் மண்ணை அள்ளச் சிரட்டையை விட நல்ல பாத்திரம் நான் பார்த்ததில்லை. அதில் உலோகம் கிடையாது. ஒரு சிரட்டை அள்ளிக் குழியை மறுபடி கேளுங்கள். குழி அமைதியாகிவிட்டால் பொருள் சிரட்டையில் இருக்கிறது. பாதியை இன்னொரு சிரட்டைக்குக் கொட்டி இரண்டையும் காயில் மேல் ஆட்டுங்கள். சத்தம் வருவதை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி பாதி. ஆறேழு தடவையில் உள்ளங்கை மண் மிஞ்சும்.

அக்கா மகன் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்த கோல்டு மான்ஸ்டரை வைத்து அப்படித்தான் தேடினோம். முதல் நாள் எட்டு மாத்திரை அட்டைத் துண்டு, ஒரு ஊக்கு, உரச் சாக்கின் கம்பி. இரண்டாம் நாள் பதினோராவது பாத்தியில், நாலு விரற்கடை ஆழத்தில் ஒரு சத்தம். மதினி பக்கத்தில் உட்கார்ந்து சிரட்டை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். கடைசியில் கையில் மிஞ்சிய மண்ணை அவர்களே ஊதினார்கள். ஒரு கடலை ஓட்டோடு ஒட்டிக்கொண்டு, கல்லில் செம்மண் அப்பியபடி, கம்மல் கிடந்தது.