டெக்சஸ் கடையில் விளையாட்டு இயந்திரம் வைத்தால் கட்ட வேண்டிய வரி: கணக்கிடுவதும் கட்டுவதும்

டெக்சஸில் பெட்ரோல் நிலையமோ உணவகமோ நடத்துபவர் மூலையில் ஒரு பூல் டேபிள், இரண்டு வீடியோ கேம் இயந்திரம் வைத்தால் வரி மூன்று பக்கமிருந்து வரலாம்: மாநிலம், நகரம், கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவு). மாநில வரியைக் கட்டி, அதற்கு அடையாளமான ஸ்டிக்கரை இயந்திரத்தில் ஒட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைத்து மற்ற இரண்டையும் விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

இந்த வரிக்கு அடிப்படை, டெக்சஸ் தொழில்கள் சட்டத் தொகுப்பின் 2153-ஆம் அத்தியாயம். வசூல் எவ்வளவு என்று இது பார்ப்பதில்லை, இயந்திரங்களை எண்ணுகிறது. ஒரு நாளைக்கு நூறு பேர் ஆடும் இயந்திரமும் யாரும் தொடாத இயந்திரமும் ஒரே தொகைதான். அதனால் முதல் வேலை சரியாக எண்ணுவது.

கணக்கில் வருபவை இசை இயந்திரங்களும் (ஜூக்பாக்ஸ்) திறன் அல்லது பொழுதுபோக்கு இயந்திரங்களும்: வீடியோ கேம், பின்பால், காசு போட்டுத் திறக்கும் பூல் டேபிள் போன்றவை. பெயர் 'காசு போடும் இயந்திரம்' என்றாலும், டாலர் நோட்டு, டோக்கன், மின்னணு அட்டை எதில் இயங்கினாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். காசுத் துவாரத்தை எடுத்துவிட்டு அட்டை தேய்க்கும் கருவி பொருத்தினால் வரி போகாது.

சேவை மட்டும் தருபவை கணக்கில் வராது. காசு போடும் தொலைபேசி இதற்கு உதாரணம். சின்னக் குழந்தைகளுக்கென்றே செய்த ஆட்டக் குதிரை, கார் போன்றவையும் வராது. வீட்டில் சொந்தப் பொழுதுபோக்குக்காக வைத்திருக்கும் பழைய பின்பாலுக்கும் விலக்கு உண்டு. இன்னொரு நுணுக்கம்: வரி, இயந்திரத்தை மக்கள் முன் வைத்திருப்பதற்காக. கிடங்கில் கிடப்பதற்கு வரி இல்லை. கடைக்குள்ளேயே மின்சாரத்தை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு 'ஓடவில்லையே' என்று சொல்வதை நம்பி இருக்காதீர்கள். ஓட்டப்போவதில்லை என்றால் தளத்திலிருந்தே அகற்றிவிடுங்கள்.

அடுத்து, இயந்திரம் யாருடையது? வெளி ஆபரேட்டர் கொண்டுவந்து வைத்து வசூலைப் பங்கிடுகிறார் என்றால் லைசென்ஸும் வரியும் அவர் பொறுப்பு. பிறர் இடங்களில் இயந்திரம் வைக்கும் அவருக்குப் பொது வணிக லைசென்ஸ் வேண்டும். ஆண்டுக் கட்டணம் 50 இயந்திரம் வரை 200 டாலர், 51 முதல் 200 வரை 400, அதற்கு மேல் 500. சொந்த இயந்திரத்தைச் சொந்தக் கடையில் மட்டும் வைப்பவருக்குப் பதிவுச் சான்றிதழ் போதும், 150 டாலர். இரண்டுக்கும் மாநில வரிகளைக் கவனிக்கும் கம்ப்ட்ரோலர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டும் டிசம்பர் 31-இல் காலாவதியாகும். நடு ஆண்டில் வாங்கினாலும் அப்படித்தான்.

ஆபரேட்டர் பொறுப்பு என்பதால் கடைக்காரர் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. ஸ்டிக்கர் இல்லாத இயந்திரம் பிடிபடுவது உங்கள் கடையில்தான். ஒப்பந்தத்தில் மூன்று வரிகளையும் யார் கட்டுவது என்று தனித்தனியாக எழுதுங்கள். 'எல்லா வரிகளும்' என்று பொதுவாக எழுதினால் கவுண்டியின் பங்கு நடுவில் விழுந்துவிடும்.

இனி தொகை. மாநில வரி ஓர் இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 60 டாலர். ஆண்டு நடுவில் புதிதாக வைத்தால் காலாண்டுப்படி குறையும்: முதல் காலாண்டில் 60, இரண்டாவதில் 45, மூன்றாவதில் 30, கடைசியில் 15. செப்டம்பர் இறுதியில் இயந்திரம் வந்து இறங்குகிறது என்றால் அக்டோபர் 1 வரை மக்கள் முன் வைக்காமல் இருந்தால் பாதி மிச்சம்.

நகரமும் கவுண்டியும் மாநில விகிதத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் விதிக்க முடியாது. அதாவது ஓர் இயந்திரத்துக்கு நகரம் 15 டாலர், கவுண்டி 15 டாலர் வரை விதிக்கலாம். நகர எல்லைக்குள் இருக்கும் கடைக்கு இரண்டுமே சேரலாம். எல்லைக்கு வெளியே கவுண்டி மட்டும்தான். எட்டு இயந்திரம் என்றால் மாநிலத்துக்கு 480, நகரத்துக்கு 120, கவுண்டிக்கு 120, ஆக 720. பதிவுச் சான்றிதழையும் சேர்த்தால் 870 டாலர். எல்லா நகரமும் கவுண்டியும் விதிப்பதில்லை, ஆகவே முதலில் நகரச் செயலாளர் அலுவலகத்திலும் கவுண்டி வரி அலுவலகத்திலும் கேளுங்கள். நடு ஆண்டில் தொடங்குகிறீர்கள் என்றால் உள்ளூர் விதியின் வாசகத்தையும் பாருங்கள்: நேராக '15 டாலர்' என்றிருக்கிறதா, 'மாநில வரியில் நாலில் ஒரு பங்கு' என்றிருக்கிறதா? தொகை இதனால் மாறும்.

மூன்றும் சேர்ந்தால் ஓர் இயந்திரத்துக்கு 90 டாலர், மாதத்துக்கு ஏழரை. 25 சென்ட் ஆட்டத்தில் அது 30 ஆட்டம். வசூலில் பாதி ஆபரேட்டருக்குப் போகிறது, வரி உங்கள் தலையில் என்றால் 60 ஆட்டம். அந்த அளவுகூட ஆடப்படாத இயந்திரத்தை டிசம்பரிலேயே வெளியேற்றுங்கள். இதற்கு இயந்திரத்துக்குள் இருக்கும் எண்ணும் மீட்டரை மாதம் ஒருமுறை குறித்துவைப்பது போதும். அதே பேரேட்டில் தயாரிப்பாளர், வரிசை எண், வைத்த தேதி, இடம், ஸ்டிக்கர் எண் ஆகியவற்றையும் எழுதுங்கள். ஆய்வாளர் வந்தால் முதலில் ஒப்பிடுவது இவற்றைத்தான்.

ஸ்டிக்கர் இயந்திரத்தின் மேலேயே, வெளியிலிருந்து தெரியும்படி உறுதியாக ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பின்பக்கம் ஒட்டி இயந்திரத்தைச் சுவரோடு தள்ளிவைத்தால் ஒட்டாததற்குச் சமம். உள்ளூர் வரி கட்டாத இயந்திரத்துக்கு நகரமோ கவுண்டியோ சீல் வைக்கலாம். சீலை விடுவிக்கும் கட்டணம் அதிகபட்சம் 5 டாலர்தான், ஆனால் சீலை நீங்களே உடைத்தால் அது குற்றம்.

ஸ்டிக்கர் சூதாட்ட அனுமதி அல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 'எய்ட் லைனர்' எனப்படும் ஸ்லாட் மெஷின் போன்ற இயந்திரத்துக்கு வரி கட்டியிருப்பதால் அது சட்டப்படியானது என்று விற்பவர்கள் சொல்வதை நம்பிப் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தண்டனைச் சட்டத்தின் 47.01 பிரிவுப்படி, பரிசு பணமாக இருக்கக்கூடாது. ஓர் ஆட்டத்தில் கிடைக்கும் பொருளின் மொத்த வியாபார விலை (ஹோல்சேல்) ஆட்டக் கட்டணத்தைப்போல் 10 மடங்கு அல்லது 5 டாலர், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. 25 சென்ட் ஆட்டத்துக்கு இரண்டரை டாலர். ஒரு டாலர் ஆட்டத்துக்கும் 5 டாலர்தான். பரிசுச் சீட்டு கொடுத்துத் தப்பலாம் என்ற வழியையும் மாநில உச்ச நீதிமன்றம் 2003-இல் அடைத்துவிட்டது: பணம்போலப் பயன்படும் பரிசுச் சீட்டு பணம்தான்.

இப்படிப் பரிசு தரும் இயந்திரம் ஆறு அல்லது அதற்கு மேல் இருந்தால், விளையாட்டுக்கூடம் என்று கவுண்டி தனி அனுமதி கேட்கலாம். அதன் கட்டணம் 1,000 டாலர் வரை போகலாம். இயந்திரம் ஒன்றுக்கு 15 டாலர் என்று பட்ஜெட் போட்டவர் ஆறாவதை வாங்கும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தேவாலயம், பள்ளி, மருத்துவமனையிலிருந்து 300 அடிக்குள் இருக்கும் கடையில் இயந்திரம் வைப்பதை நகரம் தடுக்கவும் முடியும். இந்தத் தூரத்தை அளந்து பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.