கிளாஸ் லீடரையே அனுப்பாதீர்கள்: மாணவர் வழி நோய்த்தடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் நாற்பது வயதில்தான் பலருக்குத் தெரிய வருகின்றன. அதற்கு வழிவிடும் பழக்கங்கள் பள்ளி வயதிலேயே ஒட்டிக்கொள்கின்றன. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி இந்தியப் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, இன்னும் 15.3 சதவீதம் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். அதனால் வேலூரில் உள்ள கஸ்பா, சைதாப்பேட்டை மாதிரி நெருக்கடியான பகுதிகளின் பள்ளிகளில், சில மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வழிகாட்டிகளாக்கி, அவர்கள் மூலம் மற்ற பிள்ளைகளிடம் பேச வைப்பது நல்ல வழி. நான் இதை மனதார நம்புகிறேன். ஆனால் நல்ல எண்ணத்தோடு தொடங்குபவர்களே இதைக் கெடுத்துவிடுவதும் உண்டு.

பெரிய தவறு ஆள் எடுப்பதில் நடக்கிறது. தலைமையாசிரியரிடம் போய், “நல்ல பசங்களா பத்துப் பேர் குடுங்க சார்” என்று கேட்கிறோம். அவர் கிளாஸ் லீடரையும் முதல் ரேங்க் வாங்குபவர்களையும் அனுப்புகிறார். அவர்கள் சொல்லிக்கொடுத்ததை அழகாக ஒப்பிப்பார்கள். இடைவேளையில் வாசல் கடைக்கு ஓடும் கூட்டமோ அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. “இவன் சார்கிட்ட போட்டுக்கொடுப்பான்” என்று ஒதுங்கவும் செய்யும்.

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 59 பள்ளிகளில் புகைப்பழக்கத்தைத் தடுக்க நடந்த ‘அசிஸ்ட்’ ஆய்வின் முடிவுகள் 2008-இல் வெளியாயின. அங்கே ஆசிரியர்கள் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. 12, 13 வயதுப் பிள்ளைகளிடமே “யாரை மதிக்கிறீர்கள், யார் பேச்சு எடுபடும்” என்று எழுதி வாங்கி, அதிகம் பெயர் வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் மேடை ஏறவில்லை. பத்து வாரம், பஸ்ஸிலும் சாப்பாட்டு நேரத்திலும் நண்பர்களோடு பேசும் பேச்சுக்கு நடுவே இதையும் பேசினார்கள். அந்தப் பள்ளிகளில் புகைபிடிக்கும் பிள்ளைகள் மற்ற பள்ளிகளைவிடக் குறைந்தார்கள். ஆண்டு போகப் போக அந்தப் பலன் மெலிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு பயிற்சி, ஒரு பேரணி, ஒரு குரூப் போட்டோ என்று முடித்துக்கொண்டால் அந்த அளவுகூட நிற்காது.

நம் பள்ளியிலும் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்து எழுதச் சொல்லுங்கள். கடைசி பெஞ்ச் பையன் பெயர் வரும், கபடி டீம் கேப்டன் பெயர் வரும். தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆசிரியர்களிடம் மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். வீட்டில் உருது பேசும் பிள்ளைகள் நிறைய இருக்கும் வகுப்பில், வழிகாட்டிகள் எல்லாரும் ஒரே தெருவிலிருந்து வராமல் பார்ப்பதும் முக்கியம்.

அடுத்தது வயது. “ஒன்பதாவது வந்தால்தான் புரியும்” என்று காத்திருக்கிறோம். சென்னையிலும் டெல்லியிலும் 32 பள்ளிகளில் நடந்த ‘மைத்ரி’ என்ற புகையிலைத் தடுப்புத் திட்டத்தின் தொடக்கக் கணக்கெடுப்பில், ஏதாவது ஒரு புகையிலையைத் தொட்டுப் பார்த்திருந்தவர்கள் எட்டாம் வகுப்பில் 9.3 சதவீதம், ஆறாம் வகுப்பில் 24.8 சதவீதம். ஆய்வாளர்களே எதிர்பார்க்காத முடிவு இது. சின்ன வகுப்பிலேயே தொடங்குவதுதான் சரி.

அப்புறம், என்ன பேச வைக்கிறோம் என்பது. வேலூர், குடியாத்தம் பக்கம் பீடி சுற்றித்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. மடியில் முறத்தோடு அம்மா உட்கார்ந்திருக்கும் வீட்டுப் பிள்ளையிடம், “பீடி ஒரு பாவம், அதைத் தொடுபவன் கெட்டவன்” என்று சக மாணவனையே சொல்ல வைப்பது கொடுமை. அந்தப் பிள்ளை அன்றோடு மனதை மூடிக்கொள்ளும். பீடி குடிக்கும் பழக்கத்தைப் பற்றிப் பேசலாம். சுற்றும் கைகளைப் பற்றிப் பேசக் கூடாது. வீட்டுக்குள் தூள் பறக்காமல் காற்றோட்டமான இடத்தில் உட்காரச் சொல்வது, இலையைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடச் சொல்வது மாதிரி, அந்தக் குடும்பத்தால் செய்ய முடிந்ததைச் சொல்லிக்கொடுங்கள்.

சாப்பாட்டு அறிவுரையிலும் இதே கோளாறுதான். ஆப்பிள், ஓட்ஸ், பாதாம் படம் போட்ட சார்ட்டைத் தினக்கூலி வீட்டுப் பிள்ளைகளிடம் காட்டி என்ன பயன்? கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், வேர்க்கடலை, சுண்டல், சத்துணவில் கிடைக்கும் முட்டை என்று கைக்கு எட்டுவதைப் பேசலாம். அரசின் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளை வெறும் வயிற்றோடு வந்து, பத்தரை மணிக்கு ஐந்து ரூபாய் சிப்ஸ் வாங்குகிறது. அதற்குப் பெயர் பசி; அதைக் கெட்ட பழக்கம் என்று சொல்லத் தகாது. குளிர்பானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் பயமுறுத்த வேண்டாம். 250 மில்லி கோலாவில் இருக்கும் சுமார் 26 கிராம் சர்க்கரையை, ஆறரை டீஸ்பூனாக அளந்து ஒரு டம்ளரில் போட்டு மாணவர்களே நண்பர்களுக்குக் காட்டட்டும்.

எடை பார்ப்பதை வழிகாட்டி மாணவர்களிடம் ஒருபோதும் விடாதீர்கள். வகுப்பு முழுக்கக் கேட்கும்படி எடையைச் சத்தமாக வாசித்தால், அடுத்த நாள் அது பட்டப்பெயராகிவிடும். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கில், பெரியவர்களுக்கான அளவைப் பிள்ளைகளுக்குப் போடுவதும் தவறு. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்துத் தனி அட்டவணை உண்டு. அதை நர்ஸோ பயிற்சி பெற்ற ஆசிரியரோ தனியறையில் பார்த்துக்கொள்ளட்டும்.

“இனிப்பு தின்றால் சுகர் வரும்” என்ற ஒற்றை வரி ரொம்ப ஆபத்தானது. டைப் 1 சர்க்கரை நோய் இனிப்பால் வருவதில்லை. உடலின் எதிர்ப்பு சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதால் வருகிறது, தினமும் இன்சுலின் போட்டாக வேண்டும். அந்த நோயுள்ள பிள்ளை வகுப்பில் ஒன்று இருந்தாலும், அந்த வரி அதன்மேல் பழியாக விழும். வழிகாட்டி மாணவர்களுக்கு இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் இளைப்பது என்று நண்பனிடம் கண்டால் அன்றைக்கே ஆசிரியரிடம் சொல்ல வேண்டும், தானே வைத்தியம் சொல்லக் கூடாது என்பதையும் பழக்குங்கள்.

விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 5 முதல் 17 வயதுவரை சராசரியாகத் தினம் 60 நிமிடம் உடல் வியர்க்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேலூர் வெயிலில் மதியம் அது நடக்காது. காலையிலோ நான்கு மணிக்கு மேலோதான் முடியும். மைதானத்தைப் பையன்கள் பிடித்துக்கொள்ளும் பள்ளிகளில் பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கிக் கொடுக்காமல், “நீயும் விளையாடு” என்று தோழியை விட்டுச் சொல்ல வைப்பதில் அர்த்தமில்லை.

பெரியவர்கள் செய்ய வேண்டியதைப் பிள்ளைகள் தலையில் கட்டுவதும் தவறுதான். கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வாசல் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும்போது, பதினொரு வயதுப் பிள்ளையை அனுப்பிக் கடைக்காரரிடம் பேசச் சொல்லாதீர்கள். தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் எழுத்தில் புகார் கொடுக்கட்டும்.