சிட்டிசன் ஆகும்வரை சும்மா இருக்காதீர்கள்: மனைவியின் அமெரிக்க விசாவுக்கு இரண்டு வரிசையிலும் நின்ற கதை

மும்பை பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் ஜி பிளாக்கில்தான் என் ஆபீஸ். அமெரிக்கத் துணைத் தூதரகமும் அதே ஜி பிளாக்தான். 2011 கடைசியில் பிரீச் கேண்டியை விட்டு இங்கே குடிவந்தது. கல்யாணமாகி ஏறக்குறைய மூன்று வருடம், தினமும் குர்லாவில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து அந்த மதில் ஓரமாகவே வேலைக்குப் போய்வந்தேன். உள்ளே போக முறை வந்தது 2025 ஜனவரியில். இதற்கிடையில் திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் இதே இன்டர்வியூவுக்கு மும்பை வந்த இரண்டு பெண்கள் எங்கள் சயான் கோலிவாடா வீட்டில் தங்கிப் போனார்கள். அவர்களிடம் வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

இது யாருக்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கணவரிடம் கிரீன் கார்டு இருக்கிறது, இன்னும் சிட்டிசன் ஆகவில்லை, கிரீன் கார்டு வந்த பிறகுதான் உங்களைக் கல்யாணம் செய்தார் என்றால் இது உங்களுக்கு. வேலை மூலமாக அவருக்குக் கிரீன் கார்டு கிடைப்பதற்கு முன்பே தாலி ஏறியிருந்தால் உங்கள் வழி வேறு. அவருடைய மனுவைத் தொடர்ந்தே நீங்கள் போகலாம், புது மனு வேண்டாம். இது தெரியாமல் வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. கல்யாணத் தேதியையும் கார்டில் இருக்கும் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

எங்களுக்கு 2022 பிப்ரவரியில் திருச்செந்தூரில் கல்யாணம். அவருக்கு வேலை ஒஹையோவில் கொலம்பஸ். கார்டு வந்தது 2019 ஜூலையில். ஊரில் ஒரு ஏஜென்ட் பதினைந்தாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, "சிட்டிசன் ஆகட்டும்மா, அப்புறம் மனு போட்டா உடனே கெடச்சிரும்" என்றார். முதல் பாதி வீண் யோசனை, இரண்டாவது பாதி பொய். சிட்டிசன் போட்டாலும் மனுவைப் பரிசீலிக்கும் மாதங்கள் அப்படியேதான் இருக்கும். கார்டுக்காரராக இருக்கும்போதே போட்டுவிட்டால், அந்த மாதங்கள் அவர் சிட்டிசன் ஆவதற்குள் கழிந்துவிடும். நல்லவேளை, அவர் ஏஜென்ட் பேச்சைக் கேட்கவில்லை. மார்ச்சிலேயே மனைவிக்கான மனுவை, அதாவது ஐ-130 படிவத்தைப் போட்டார். அப்போது கட்டணம் 535 டாலர். 2024 ஏப்ரல் 1 முதல் ஆன்லைனில் 625, காகிதத்தில் 675. மனைவிக்கு ஐ-130ஏ என்று கூட ஒரு படிவம் உண்டு, அதை மறக்கக் கூடாது.

கார்டுக்காரரின் மனைவிக்குப் பெயர் எஃப்2ஏ. இதற்கு வருடத்துக்கு இத்தனை விசா என்று அளவு உண்டு. யார் முறை வந்திருக்கிறது என்று மாதாமாதம் விசா புல்லட்டினில் ஒரு தேதி போடுவார்கள். நாங்கள் மனு போட்டபோது வரிசையே இல்லை. 2023 ஏப்ரல் புல்லட்டின் வந்தது, தேதி 2020 செப்டம்பர் 8க்குப் பின்வாங்கிவிட்டது. மனு போட்ட என் தேதி 2022 மார்ச். ரயில் பிளாட்ஃபாரத்துக்கு வந்துவிட்டுப் பின்னால் போனதைப் பார்த்ததுபோல் இருந்தது. "ஏட்டி, இன்னும் எத்தனை வருசம்டி?" என்று அம்மா கேட்காத நாளில்லை. சிட்டிசனின் மனைவிக்கு இந்த அளவும் கிடையாது, புல்லட்டினும் கிடையாது. ஆகவே கணவர் சிட்டிசன் ஆகும் அந்த நாளில் நீங்கள் இந்த வரிசையிலிருந்து வெளியே வந்துவிடுகிறீர்கள், அதே மனுவோடு. புதிதாகப் பணம் கட்டி இன்னொன்று போட வேண்டியதில்லை.

இரண்டாவது வரிசை அவருடையது, சிட்டிசன் ஆவதற்கான விண்ணப்பம், என்-400. கார்டு வந்து ஐந்து வருடம் ஆக வேண்டும், ஆனால் அதற்கு 90 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். காலண்டரில் அந்த நாளைக் கண்டுபிடித்து வட்டம் போடுவது மனைவியின் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் போட்ட வட்டம் 2024 ஏப்ரலில்; ஆன்லைனில் 710 டாலர்.

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால், "தொடர்ந்து வசிக்கவில்லை" என்ற சந்தேகம் விழும். ஒரு வருடம் ஆனால் கணக்கே அறுந்துபோகும். மொத்த ஐந்து வருடத்தில் பாதியாவது, அதாவது 30 மாதம், அங்கே இருந்திருக்கவும் வேண்டும். அத்தைக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனபோது ஏழு மாதம் லீவு போட்டு வருகிறேன் என்றார் அவர். வேண்டாம், இரண்டு தடவையாகப் பிரித்து வாருங்கள், நடுவில் நான் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அத்தைக்கு வருத்தம்தான். "மருமவ கூட இருந்தா மவன் வந்த மாதிரி ஆயிருமா?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை. பாத்ரூம் வரைக்கும் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

என் மனு 2023 ஜூனில் பாஸாகி, நேஷனல் விசா சென்டருக்குப் போனது. சுருக்கமாக என்.வி.சி. புல்லட்டினில் முறை வரவில்லையே, அப்புறம் பார்க்கலாம் என்று இந்த இடத்தில் கையைக் கட்டிக்கொள்ளாதீர்கள். புல்லட்டினில் இரண்டு அட்டவணை உண்டு. இரண்டாவதில் உங்கள் தேதி திறந்திருந்தால் பணம் கட்டி ஆவணங்களை ஏற்றலாம். விசாக் கட்டணம் 325, மனைவியைத் தாங்குவேன் என்று கணவர் தரும் ஆதரவுப் பத்திரத்துக்கு 120 டாலர். ஆவணம் எல்லாம் சரி என்ற கடிதம் எனக்கு 2023 நவம்பரிலேயே வந்துவிட்டது. பிற்பாடு அவர் சிட்டிசன் ஆனதும் மிச்சம் இருந்தது இன்டர்வியூ தேதி மட்டும்.

ஆவணங்களில் என் உயிரை எடுத்தது பிறப்புச் சான்றிதழ். பம்பாயில் பிறந்தவள்தான். ஆனால் பதிவேட்டில் "பெண் குழந்தை" என்று மட்டும் இருந்தது. பெயர் வைக்குமுன் பதிந்ததை அப்பா திருத்தவே இல்லை. பள்ளிச் சான்றிதழோடு மாநகராட்சி வார்டு ஆபீஸுக்கு நாலு தடவை நடந்து பெயரை ஏற்றினேன். உங்கள் சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள். போலீஸ் சான்றிதழ் என்றால் ஸ்டேஷனில் வாங்குவது அல்ல, பாஸ்போர்ட் சேவா மூலமாக வாங்கும் பி.சி.சி., ஐந்நூறு ரூபாய். கல்யாணப் பதிவு தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி கட்டாயம். கோயில் ரசீதை நம்பி இருக்காதீர்கள். தமிழ்க் கல்யாணப் பத்திரிகையை ஆதாரமாக வைக்கிறீர்கள் என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் கையெழுத்தும் வேண்டும். என் ஆபீஸ் தோழி "நிகழும் மங்களகரமான பிலவ வருடம்" என்ற வரியோடு ஒரு மதிய இடைவேளை முழுக்க மல்லுக்கட்டினாள்.

அடுத்து பெயர். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. நான் பள்ளியில் சேர்ந்தபோது டீச்சர் "ஆட்நாவ் காய்?" (குடும்பப் பெயர் என்ன?) என்று கேட்க, அப்பா தன் பெயரையே சொல்லிவைத்தார், மராத்திக்காரர்கள் புண்ணியத்தில் என் பாஸ்போர்ட் தப்பித்தது. கணவருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில், பாஸ்போர்ட்டில் உள்ள பெயரைக் குடும்பப் பெயராக்கி, முன்பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று போடுவார்கள், முன்பெயர் தெரியாது என்று அர்த்தம். கொலம்பஸில் அவரைப் பாதிப் பேர் "ஃப்னு" என்றுதான் கூப்பிடுகிறார்கள். உங்கள் பாஸ்போர்ட்டிலும் அந்த இடம் காலி என்றால், விசா விண்ணப்பமான டிஎஸ்-260 நிரப்புவதற்கு முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஆதரவுப் பத்திரம் ஐ-864ஐ அவர் பார்த்துக்கொள்ளட்டும். வறுமைக்கோட்டின் 125 சதவீதம் வருமானம் போதும். 2024 கணக்குப்படி இரண்டு பேருக்கு 25,550 டாலர். ஆனால் வரிக் கணக்கை மட்டும் நீங்களே பாருங்கள். மனைவி இந்தியாவில்தானே என்று பலர் கல்யாணத்துக்குப் பிறகும் "தனியாள்" என்று தாக்கல் செய்துவிடுகிறார்கள். எங்களவரும் 2022க்கு அப்படித்தான் செய்திருந்தார். "ஏங்க, பேப்பர்ல நான் உங்களுக்கு யாரு?" என்று போனில் கேட்டேன். அந்த வாரமே திருத்தக் கணக்கு போட்டார்.

2024 செப்டம்பரில் உறுதிமொழி எடுத்தார். தேர்வில் பாஸான அன்றே சிட்டிசன் ஆகிவிட்டதாக நினைத்து என்.வி.சி.க்கு எழுதாதீர்கள்; உறுதிமொழி எடுத்துச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் சிட்டிசன். சட்டப்படி மனு அன்றே வகை மாறிவிடும், ஆனால் நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். மனு இன்னும் அதைப் பரிசீலிக்கும் குடியேற்றத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ்.இல் கிடந்தால் அங்கே தெரிவிக்க வேண்டும், என்.வி.சி.க்கு வந்திருந்தால் அவர்களுடைய இணைய விசாரணைப் படிவத்தில் சான்றிதழ் நகலை இணைத்து அனுப்ப வேண்டும். சான்றிதழிலேயே சட்ட அனுமதியில்லாமல் நகலெடுத்தால் தண்டனை என்று அச்சடித்திருந்ததைப் பார்த்து அவர் ஸ்கேன் எடுக்கவே பயந்தார். இந்த மாதிரி முறையான காரியத்துக்கு நகலெடுப்பதில் தப்பில்லை. அவர் என்-400லேயே பெயர் மாற்றமும் கேட்டு, நீதிபதி முன்னால் உறுதிமொழி எடுத்து ஃப்னுவைக் கழற்றிவிட்டார். அதனால் சான்றிதழில் ஒரு பெயர், எங்கள் கல்யாணப் பதிவில் ஒரு பெயர். பெயர் மாற்ற உத்தரவின் நகலையும் சேர்த்தே அனுப்பினோம்.

குழந்தை இருப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள். எஃப்2ஏயில் அம்மாவின் மனுவிலேயே பிள்ளையும் தொற்றிக்கொண்டு வரலாம். அப்பா சிட்டிசன் ஆனதும் அந்தச் சலுகை போய்விடும்; சிட்டிசனின் மனைவி மனுவில் பிள்ளைக்கு இடமில்லை. செம்பூரில் தெரிந்த ஒரு குடும்பத்தில் அம்மாவுக்கு இன்டர்வியூ தேதி வந்துவிட்டது, நாலு வயதுப் பையனுக்குப் புது மனு போட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆரம்பத்திலேயே தனி ஐ-130 போட்டுவிடுங்கள்.

இன்டர்வியூவுக்கு முன் மெடிக்கல். அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டரிடம்தான் போக வேண்டும். பழைய தடுப்பூசி அட்டை இருந்தால் கொண்டுபோங்கள், ஊசி குறையும். கைரேகைக்குத் தனியாக ஒரு நாள். இன்டர்வியூ அன்று செல்போன் உள்ளே விடமாட்டார்கள். நான் என் மேஜை டிராயரில் வைத்துவிட்டு நடந்தே போனேன். ஆல்பம், டிக்கெட், வாட்ஸ்அப் நகல் என்று இரண்டு கிலோ ஃபைல். ஜன்னலில் இருந்தவர் அசல் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு மூன்றே கேள்வி கேட்டார்: எப்படிப் பழக்கம், கடைசியாக எப்போது பார்த்தீர்கள், அவர் என்ன வேலை செய்கிறார். கல்யாணமாகி இரண்டு வருடம் தாண்டியதால் எனக்கு ஐஆர்1, பத்து வருடக் கார்டு. அதற்குள் போய்ச் சேர்பவர்களுக்கு சிஆர்1, இரண்டு வருடக் கார்டுதான்; அது முடிவதற்கு முந்தின 90 நாளுக்குள், அந்த இரண்டு வருட நிபந்தனையை நீக்கக் கேட்டு ஐ-751 போட வேண்டும்.

அவர் பக்கம் இன்னொரு வேலை மிச்சமிருக்கும்: இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வாங்குவது. அதுவரை திருச்செந்தூருக்கு வர அவருக்குத்தான் விசா வேண்டும். அத்தையிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவே இல்லை.

விசா கைக்கு வந்ததும், கிளம்புமுன் 235 டாலர் கட்டணத்தை ஆன்லைனில் கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால் கார்டு அச்சாகாது. கார்டு தபாலில்தான் வரும். வீட்டுத் தபால் பெட்டியில் உங்கள் பெயர் இல்லையென்றால் திரும்பிப் போகவும் கூடும். நேற்று வீடியோ காலில் பெட்டியைக் காட்டச் சொன்னேன். இன்னும் ஃப்னு ஸ்டிக்கர்தான் இருக்கிறது. சுரண்டிவிட்டு இரண்டு பேர் பெயரையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.