அறிவொளியும் கற்பனாவாதமும்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பியச் சிந்தனை வரலாற்றைப் படிக்க ஆரம்பிக்கும் பலருக்கும் முதலில் கிடைப்பது ஓர் அட்டவணை. இடப்பக்கம் பதினெட்டாம் நூற்றாண்டின் அறிவொளிக்காலம் (Enlightenment): பகுத்தறிவு, அறிவியல், ஒழுங்கு, நகரம். வலப்பக்கம் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த கற்பனாவாதம் (Romanticism): உணர்ச்சி, கற்பனை, கட்டற்ற மனம், மலையும் காடும். மனப்பாடம் செய்ய வசதிதான். ஆனால் இதைக் கையில் வைத்துக்கொண்டு அறிவொளித் தத்துவஞானி ஹியூமின் ஒரு பக்கத்தையோ ஆங்கிலக் கற்பனாவாதக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் முன்னுரையையோ படித்தால், நூலும் அட்டவணையும் ஒத்துப்போகாது. அப்போது பலர் அட்டவணையை நம்பி நூலை விட்டுவிடுகிறார்கள். எனக்கு வருத்தம் அதில்தான்.

மற்ற தவறுகளுக்கெல்லாம் வேரான தவறு, அறிவொளிச் சிந்தனையாளர்கள் உணர்ச்சியை ஒதுக்கினார்கள் என்று நினைப்பது. அறிவு உணர்ச்சிகளின் அடிமை, அப்படி இருப்பதே முறை என்று எழுதியவர் ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம். அந்த வரி உள்ள நூல் வெளிவந்தது 1739-40இல். அவருடைய நண்பர் ஆடம் ஸ்மித்தைப் பொருளாதாரத்தோடு மட்டும் சேர்த்துப் பேசுகிறோம். ஆனால் 1759இல் வந்த அவருடைய முதல் நூல், பிறர் துன்பம் நம்மை ஏன் தொடுகிறது என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறது. பிரம்மாண்டமானதும் ஆபத்தானதுமான ஒன்றின் முன் நிற்கும்போது எழும் அச்சம் கலந்த பரவசத்தைச் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் 1757லேயே ஆராய்ந்துவிட்டார். கற்பனாவாத ஓவியங்களைப் பற்றிப் பேசும்போது நாம் சொல்லும் அதே அனுபவம், அறிவொளிக்காலத்தின் நட்டநடுவில் ஒரு கோட்பாடாக இருந்திருக்கிறது.

மறுபக்கமும் அப்படித்தான். நல்ல கவிதையெல்லாம் வலிய உணர்ச்சிகள் தாமாகப் பொங்கி வருவது என்ற வேர்ட்ஸ்வொர்த்தின் வரி, ‘லிரிக்கல் பாலட்ஸ்’ என்ற கவிதைத் தொகுப்புக்கு அவர் எழுதிய 1800ஆம் ஆண்டு முன்னுரையில் இருக்கிறது. எல்லோரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நீண்ட காலம் ஆழமாகச் சிந்தித்தவரிடமிருந்துதான் மதிப்புள்ள கவிதை பிறக்கிறது என்று அதே வாக்கியம் தொடர்கிறது. பாதி வாக்கியத்தை மேற்கோள் காட்டி ஓர் இயக்கத்தையே விளக்குவது அநியாயம்.

சரி, அப்படியானால் வேறுபாடு எங்கே? உணர்ச்சி யாருடையது என்ற கேள்வியில் இருக்கிறது என்பேன். ஹியூமும் ஸ்மித்தும் உணர்ச்சியை மனித இனத்துக்குப் பொதுவானதாகப் பார்த்தார்கள். யார் என் இடத்தில் இருந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் உணர்வார்கள் என்பதே அவர்கள் ஆய்வின் அடித்தளம். பிரெஞ்சு மொழிச் சிந்தனையாளர் ரூசோவின் தன்வரலாறு, அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து 1782இல் வெளிவரத் தொடங்கியபோது, தான் பார்த்த யாரைப் போலவும் தான் படைக்கப்படவில்லை என்று ஆரம்பப் பக்கத்திலேயே அறிவித்தது. இங்கே தனித்தன்மையே மதிப்பாகிவிடுகிறது. ஜெர்மானியச் சிந்தனையாளர் ஹெர்டர் இந்த எண்ணத்தை மக்கள் சமூகங்களுக்கும் விரித்தார்: ஒவ்வொரு மொழிக்கும் அதன் நாட்டார் பாடலுக்கும் தனக்கேயான உயிர் உண்டு, எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது. பொதுமைக்கும் தனித்தன்மைக்கும் இடையே நடக்கும் இந்த இழுபறியைப் பிடித்துக்கொண்டால் இரண்டு இயக்கங்களும் பளிச்சென்று பிரிந்து தெரியும்.

ரூசோவைச் சொன்னதால் இன்னொன்று. அறிவொளியின் பெரும் தொகுப்பான திதரோவின் கலைக்களஞ்சியத்துக்கு இசை பற்றிய கட்டுரைகளை எழுதிக் கொடுத்தவரும் அதே ரூசோதான். ஜெர்மானியத் தத்துவஞானி காண்ட்டும் அப்படித்தான்: சொந்த அறிவைப் பயன்படுத்தத் துணிந்திரு என்ற அறிவொளி முழக்கத்தை 1784இல் எழுதிய அவரே, 1790இல், மேதையின் வழியாக இயற்கை கலைக்கு விதியைத் தருகிறது என்றும் எழுதினார். விதிகளைப் படித்து யாரும் மேதையாக முடியாது என்ற கற்பனாவாத நம்பிக்கைக்கு வலுவான சான்றிதழ் அது. ஆகவே ஒருவரை ஒரு முகாமில் அடைப்பதற்கு முன், அவருடைய எந்த நூலைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கற்பனாவாதிகள் அறிவியலை வெறுத்தார்கள் என்ற நம்பிக்கையும் பரவலானது. வானவில்லின் இழைகளைத் தத்துவம் (அன்றைய வழக்கில் அறிவியலும் அதில் அடங்கும்) பிரித்துப் போட்டுவிடும் என்று ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் எழுதியதும், கவிஞரும் ஓவியருமான பிளேக் வரைந்த நியூட்டன் படமும் இதற்குச் சாட்சியாக வருகின்றன. ஆனால் கீட்ஸ் லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் பயின்று, 1816இல் மருந்தாளர் உரிமம் பெற்றவர். ஜெர்மானியக் கவிஞர் நோவாலிஸ் ஃப்ரைபர்க் சுரங்கக் கல்விக்கூடத்தில் படித்து உப்பு உற்பத்தி நிர்வாகத்தில் வேலை பார்த்தார். ஹம்ஃப்ரி டேவியின் வேதியியல் உரைகளைக் கவிஞர் கோல்ரிட்ஜ் உட்கார்ந்து கேட்டார். இவர்கள் எதிர்த்தது, இயற்கையை ஓர் இயந்திரமாக மட்டும் பார்க்கும் பார்வையை. உயிருள்ள முழுமையாக அதை அறிய முடியுமா என்பதே அவர்கள் கேள்வி. ஜெர்மானியக் கவிஞர் கெதே 1810இல் நிறங்களைப் பற்றி எழுதிய பெரிய நூலை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். ஒளியைப் பற்றி நியூட்டனோடு அவர் போட்ட சண்டையில் இயற்பியல் நியூட்டன் பக்கம்தான் நிற்கிறது. ஆனாலும் கண்ணில் தங்கும் பின்பிம்பம், நிழலில் தோன்றும் நிறம் ஆகியவற்றை அவர் கவனித்த விதம் கூர்மையானது. மேரி ஷெல்லியின் 1818ஆம் ஆண்டு நாவலான ‘ஃபிராங்கன்ஸ்டைனை’யும் அறிவியல் எதிர்ப்பாகச் சுருக்கிவிடுகிறோம். அதன் நாயகன் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் செய்த பெரிய கொடுமை, தான் உருவாக்கிய உயிரை அடுத்த நிமிடமே கைவிட்டு ஓடியது. நாவலை முழுதாகப் படித்தவர்களுக்கு இது தெரியும்.

ஆண்டுகளில் நேரும் தவறுகள் எளிதில் திருத்தக்கூடியவை. ‘லிரிக்கல் பாலட்ஸ்’ முதலில் வெளிவந்த 1798க்கு முன் அறிவொளி, பின் கற்பனாவாதம் என்று சுவர் எழுப்பக் கூடாது. கெதேயின் நாவல் நாயகன் வெர்தர் காதலில் தோற்றுத் தற்கொலை செய்துகொண்டது 1774இல். காண்ட்டின் அறிவொளிக் கட்டுரைக்குப் பத்து ஆண்டுகள் முன்பே. இசையில் குழப்பம் இன்னும் அதிகம். எழுத்தாளர் ஹாஃப்மன் 1810இல் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியைப் பற்றி எழுதியபோது, இன்று நாம் செவ்வியல் என்று சொல்லும் ஹைடனையும் மோட்சார்ட்டையும்கூடக் கற்பனாவாதிகள் என்றே கருதினார். 1824இல் அரங்கேறிய ஒன்பதாம் சிம்பொனியில் ஒலிப்பதோ, மனிதர் எல்லோரும் உடன்பிறப்பாவர் என்று சொல்லும், ஜெர்மானியக் கவிஞர் ஷில்லர் 1785இல் எழுதிப் பின்னர் திருத்திய பாடல்.

அரசியலிலும் இடது, வலது என்று பிரித்துவிட முடியாது. அறிவொளி எழுத்தாளர் வோல்டேர் பிரஷ்ய மன்னர் ஃபிரடெரிக்கின் அரண்மனையில் தங்கியவர். கற்பனாவாதக் கவிஞர் பைரன் கிரேக்க விடுதலைப் போருக்குப் போய் 1824இல் அங்கேயே இறந்தார். ஆனால் ஜெர்மானியக் கற்பனாவாதி ஃபிரெடரிக் ஷ்லேகல் கத்தோலிக்க மதத்துக்கு மாறி ஆஸ்திரிய அரசுக்குப் பணியாற்றினார். ஆங்கிலக் கற்பனாவாதக் கவிஞர் பெர்சி ஷெல்லியோ 1811இல் நாத்திகத் துண்டறிக்கை வெளியிட்டதற்காக ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். அதன் வாதம் முழுக்க ஆதாரம் எங்கே என்று கேட்கும் அறிவொளி வாதம். ஷெல்லிதாசன் என்று புனைபெயர் வைத்துக்கொண்ட பாரதியிடம் கனவும் பகுத்தறிவும் சண்டையில்லாமல் சேர்ந்திருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுபவர்கள், அந்த ஷெல்லியையும் ஒருமுறை படிக்க வேண்டும்.

ஓவியத்துக்கு வருவோம். கருப்பொருளை மட்டும் வைத்து முடிவு செய்வதுதான் இங்கே தவறு: புயல், கண்ணீர், இடிபாடு என்றால் கற்பனாவாதம், ரோமானிய உடை என்றால் அறிவொளி. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இரண்டு பெரிய ஓவியங்கள் இருக்கின்றன. பிரெஞ்சு ஓவியர் ழாக்-லூயி டேவிட் 1784-85இல் தீட்டிய ‘ஹொரேஷியர்களின் சபதத்தில்’, ரோமுக்காகப் போரிடச் சகோதரர்கள் சபதம் எடுக்கையில், பெண்கள் துயரத்தில் சாய்ந்து கிடக்கிறார்கள். உணர்ச்சிக்குக் குறைவே இல்லை. ஆனால் அந்தத் துயரம் வலப்பக்க வளைவின் கீழ் அடங்கியிருக்கிறது, நடுவில் வாள்கள், இடப்பக்கம் கைநீட்டும் சகோதரர்கள். குடும்பத்தைவிட நாடு பெரிது என்பது யார் பார்த்தாலும் புரிந்துவிடும்.

பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1819இல் காட்சிக்கு வைத்தது, விபத்துக்குள்ளான மெதூசா கப்பலிலிருந்தவர்கள் மிதந்த தெப்பத்தின் ஓவியம். உயிர் பிழைத்தவர்களிடம் விசாரித்து, தெப்பத்தின் மாதிரியைச் செய்ய வைத்து, பிணங்களின் நிறத்தைப் பார்த்துப் படித்து அதை வரைந்தார். ஒரு விசாரணை அதிகாரியின் உழைப்பு அது. ஆனால் படத்தில் சபதமும் இல்லை, பாடமும் இல்லை. தகுதியில்லாத ஒருவரைக் கப்பல் தலைவராக நியமித்ததன் விளைவாகக் கடலில் கைவிடப்பட்டவர்கள் மட்டும் இருக்கிறார்கள். தூரத்தில் புள்ளியாகத் தெரியும் கப்பல் வருகிறதா, போகிறதா என்பதைப் படம் சொல்வதில்லை. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எதில் உணர்ச்சி அதிகம் என்று கேட்காதீர்கள். எந்தப் படம் பார்ப்பவருக்கு முடிவைச் சொல்லிவிடுகிறது, எது சொல்ல மறுக்கிறது என்று கேளுங்கள்.