டிரெய்லரோடு மலைப்பாதையில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற, உள்ளே தங்கிக்கொள்ளும் டிராவல் டிரெய்லரை மாட்டிக்கொண்டு கொலராடோ மலைகளுக்குக் கிளம்பும் நம் குடும்பங்கள் வருடத்துக்கு வருடம் கூடுகின்றன. பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகளைப் புதியவர்களும் செய்யும்போது மனசு பதறுகிறது. கொக்கி பூட்டியிருக்கிறதா, சங்கிலி மாட்டியாச்சா, பின்விளக்கு எரிகிறதா என்பதையெல்லாம் டிரெய்லரைக் கொடுப்பவரே சொல்லிவிடுவார். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

## "என் வண்டி 7,500 பவுண்டு இழுக்கும்"

இழுக்கும். ஆனால் பெரும்பாலும் அந்த எண்ணை எட்டுவதற்கு முன்பே இன்னொரு எண் குறுக்கே வந்து நிற்கும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் போட்டிருப்பார்கள். டிரெய்லரின் மூக்கு கொக்கியின் மேல் அழுத்துகிற எடையும் இந்தக் கணக்கில்தான் சேரும். அது டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 6,000 பவுண்டு டிரெய்லர் என்றால் 600 முதல் 900 பவுண்டு இதற்கே போய்விடும். அப்புறம்தான் அப்பா, அம்மா, பிள்ளைகள், சைக்கிள் எல்லாம்.

கொக்கியில் பாரம் கூடுகிறதே என்று சாமான்களை டிரெய்லரின் பின்பக்கம் தள்ளிவிடாதீர்கள். வால் கனத்தால் டிரெய்லர் ஆட ஆரம்பிக்கும். அதைவிடத் தண்ணீர் டேங்கைக் காலியாக வைத்துக்கொண்டு போவது நல்லது. ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 40 கேலன் டேங்க் நிரம்பினால் 330 பவுண்டுக்கு மேல். தங்குமிடத்திலேயே பிடித்துக்கொள்ளலாம். கிளம்புகிற அன்று லாரிகள் நிற்கும் இடத்தில் இருக்கும் எடை மேடையில் ஒரு தடவை ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

## ஏற்றத்தில் அவசரம்

டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீத சக்தியை இழக்கும். 11,000 அடியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வலது ஓரமாக, லாரிகளோடு லாரியாக ஏறுங்கள்.

## இறக்கத்தில் பிரேக்கிலேயே காலை வைத்திருப்பது

எத்தனை பேரிடம் சொன்னாலும் தீராத தவறு இது. இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரவழைப்பதும் இதுதான்.

ஐ-70 சாலையில் ஐசன்ஹவர் சுரங்கத்தின் மேற்கு வாசல் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சில்வர்தார்ன் ஊர்வரை சுமார் 8 மைலில் சாலை 2,000 அடிக்கு மேல் இறங்குகிறது. கூட வந்த ஒரு தம்பி அந்த ஊரில் வண்டியை ஓரங்கட்டினார். முன்சக்கரங்களிலிருந்து நீலம் கலந்த புகை. கருகல் வாடை பத்தடி தள்ளி நின்றாலும் மூக்கைத் துளைத்தது. கடைசி வளைவில் பெடல் தரைவரை போய்விட்டதாம். "மெதுவாத்தான் வந்தேன் அண்ணே, பிரேக்கை விடவே இல்லையே" என்றார். விடாததுதான் வினை. பிரேக் பேட், அது பற்றும் வட்டத் தட்டான ரோட்டர் எல்லாம் மாற்ற வேண்டியதாகி, முன்பதிவு செய்த முகாமும் கைவிட்டுப் போனது.

அந்த இறக்கத்தின் சக்தி முழுவதையும் பிரேக்கே தாங்கினால், 60 மைல் வேகத்தில் ஓடும் வண்டியை 16, 17 தடவை அடுத்தடுத்து முழுதாக நிறுத்துவதற்குச் சமம். நடுவில் ஆறுவதற்கு நேரமே கிடையாது. முதலில் பேட் பிடிப்பை இழக்கும். அப்புறம் பிரேக் திரவம் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகும். பெடலை மிதித்தால் குமிழிதான் அமுங்கும், சக்கரம் பிடிக்காது. பழைய திரவம் ஈரத்தை உறிஞ்சியிருப்பதால் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். டிரெய்லரின் டிரம் பிரேக்குக்கும் இதே கதிதான். சூட்டில் டிரம் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூவை விட்டு விலகும்.

வேகத்தை உச்சியிலேயே முடிவு செய்யுங்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே 40 மைலுக்கு வந்து, பாரம் இழுப்பதற்கென்று கியரை மாற்றி அமைக்கும் டோ/ஹால் பொத்தானை அழுத்தி, கியரைக் கையால் குறைத்துவிடுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் கத்தினால் பயப்பட வேண்டாம். மீட்டரின் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை அதற்கு ஒன்றும் ஆகாது. அதையும் மீறி வேகம் ஏறினால், 40-ஐத் தொட்டதும் அழுத்தமாக ஒரு மூன்று விநாடி பிரேக் போட்டு 35-க்குக் கொண்டுவாருங்கள். பிறகு காலை முழுதாக எடுத்துவிடுங்கள். மறுபடி 40 வந்தால் மறுபடி ஒரு தடவை. அடிக்கடி மிதிக்க வேண்டியிருந்தால் கியர் இன்னும் ஒன்று குறைய வேண்டும் என்று அர்த்தம்.

புகை வந்துவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், ரோட்டர் விரிசல் விடும். நிறுத்தித் தானாக ஆறவிடுங்கள். பிரேக் பிடிக்கவே இல்லை என்றால் சாலையோரம் சரளை நிரப்பிய மேட்டுத்தடம் இருக்கும். அதை லாரிக்கு மட்டும் என்று நினைக்காமல் அதில் ஏறிவிடுங்கள்.

## டிரெய்லர் ஆடினால்

ஆக்சிலரேட்டரை விடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், காருக்குள்ளிருந்து டிரெய்லர் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலரின் கைநெம்பை மட்டும் தள்ளுங்கள். அந்த நெம்பு எங்கே இருக்கிறது என்று கிளம்புமுன் கண்ணை மூடித் தொட்டுப் பழகுங்கள்.

## லக் நட்

சக்கரத்தைக் கழற்றி மாட்டினால், அதைப் பிடித்திருக்கும் இந்த நட்டுகளை 50 மைலில் மறுபடி இறுக்குங்கள்.

## டயர் காற்று

காலையில், வண்டி நகருவதற்கு முன் பாருங்கள்.

## போன் காட்டும் வழி

நீங்கள் டிரெய்லர் இழுக்கிறீர்கள் என்று போனுக்குத் தெரியாது. மொன்டானாவில் கிளேசியர் தேசியப் பூங்காவின் கோயிங்-டு-த-சன் சாலையில், அவலாஞ்ச் முகாமுக்கும் ரைசிங் சன்னுக்கும் இடையே 21 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அனுமதி இல்லை. டிரெய்லரும் சேர்ந்துதான் அந்த 21 அடி. வையோமிங்கின் டீட்டன் கணவாயில் சரிவு 10 சதவீதம், குளிர்காலத்தில் டிரெய்லருக்குத் தடையும் உண்டு. இப்படிப்பட்ட சாலை வழியில் வந்தால், டிரெய்லரை முகாமில் நிறுத்திவிட்டுக் காரில் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.