ஆயில் பிரஷர் கேஜ் தவறாகக் காட்டினால் பழுதைக் கண்டறியும் முறை

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் பிரஷர் கேஜின் முள் பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டால், கேஜ்தான் கெட்டிருக்கும் என்று நினைத்து வண்டியைத் தொடர்ந்து ஓட்டாதீர்கள். அழுத்தம் உண்மையிலேயே இல்லையென்றால் பேரிங்குகளும் கிராங்க் ஷாஃப்டும் கெட்டுப்போகச் சில நிமிடங்களே போதும். உடனே எஞ்சினை நிறுத்தி, டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தாலும், அழுத்தம் இருக்கிறது என்று உறுதியாகும் வரை மறுபடி ஓட்ட வேண்டாம்.

அதை உறுதிசெய்ய, எஞ்சினில் இருந்துகொண்டு அழுத்தத்தைக் கேஜுக்குத் தெரிவிக்கும் சென்சாரைக் கழற்றிவிட்டு அதே துளையில், மரை பொருந்தும் இணைப்பு வழியாக, மின்சாரம் இல்லாமல் அழுத்தத்தை நேரடியாகக் காட்டும் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டி எஞ்சினை இயக்குங்கள். சில நொடிகளுக்குள் அழுத்தம் ஏறாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். ஏறினால், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு காட்டும் அளவை அந்த எஞ்சினுக்குரிய சர்வீஸ் கையேட்டோடு ஒப்பிடுங்கள். கையேடு கிடைக்காதபோது, நிமிடத்துக்கு ஒவ்வொரு 1000 சுற்றுக்கும் ஏறக்குறைய 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) என்ற பழைய கணக்கைத் தோராயமாகக் கொள்ளலாம். அழுத்தம் குறைவாக இருந்தால் கோளாறு எஞ்சினுக்குள் இருக்கிறது. மின்சாரச் சோதனைகள் அதற்கு உதவாது.

அழுத்தம் சரியென்றால், வயர், சென்சார், கேஜ் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் பழுது இருக்கும். பழைய வகைச் சென்சாருக்குள் ஆயில் அழுத்தத்தால் அசையும் மெல்லிய தகடு ஒன்றும், அதன் அசைவுக்கேற்ப மாறும் மின்தடையும் உள்ளன. பெரும்பாலானவற்றில் எஞ்சின் உடல் வழியாகவே எர்த் (மின்சாரம் திரும்பும் பாதை) கிடைக்கிறது. பரவலாகப் புழங்கும் ஒரு வகையில் அழுத்தம் இல்லாதபோது சுமார் 240 ஓமும், முழு அழுத்தத்தில் சுமார் 33 ஓமும் இருக்கும். இன்னொரு வகை இதற்கு நேரெதிராக, சுமார் 10 ஓமில் தொடங்கி 180 ஓம் வரை ஏறும். வகையைத் தெரிந்துகொள்ளாமல் சோதித்தால் நல்ல கேஜையே பழுதென்று தூக்கிப்போட நேரும்.

சென்சாரை மறுபடி அதன் இடத்தில் பொருத்திவிட்டு, முதலில் அதன் ரப்பர் மூடியை விலக்கி முனையைப் பாருங்கள். பச்சை நிறத்தில் பூத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். உள்ளே ஆயில் கசிந்திருந்தால் தகடு கிழிந்துவிட்டது என்று பொருள், சென்சாரை மாற்றியே ஆக வேண்டும். அடுத்து, எஞ்சினை இயக்காமல் இக்னிஷனை மட்டும் போட்டு, வயரைச் சென்சாரிலிருந்து கழற்றுங்கள். முதல் வகையில் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். வயரின் முனையை எஞ்சின் உடலில் ஒரு கணம் தொட்டால் உச்சிக்குப் பாய வேண்டும். இரண்டாம் வகையில் கழற்றும்போது உச்சியும், தொடும்போது பூஜ்யமும் காட்டும். முள் இப்படி நடந்துகொண்டால் வயரும் கேஜும் வேலை செய்கின்றன, சந்தேகம் சென்சாரின் மேல்தான். மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சென்சார் முனையிலும் மற்றதை எஞ்சின் உடலிலும் வைத்து, எஞ்சின் நிற்கும்போதும் ஓடும்போதும் ஓமை அளந்தால் அதுவும் தெளிவாகிவிடும்.

மூன்று வயர் கொண்ட புதிய சென்சார்களில் இப்படித் தொடுவது கூடாது. அவை கணினிக்கு மின்னழுத்தமாகச் செய்தி அனுப்புபவை. கணினியோடு இணைத்துப் பார்க்கும் ஸ்கேனரால் படிப்பதே முறை.

முள் அசையவே இல்லையென்றால், கேஜின் பின்புறத்தில் இக்னிஷன் மின்சாரமும் எர்த்தும் வருகின்றனவா என்று பாருங்கள். டீசல் அல்லது பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்தே தடுமாறினால், அவற்றுக்குப் பொதுவான மின்வழியையோ எர்த்தையோ சந்தேகிக்க வேண்டும்.

புதிய சென்சாரைப் பொருத்தும்போது மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றுவது பலரின் வழக்கம். அது எர்த்தைத் துண்டித்து, நல்ல சென்சாரையும் தவறாகக் காட்டவைக்கலாம். அறுகோணப் பகுதியில் மட்டும் ஸ்பேனரை வைத்து இறுக்குங்கள். மேலுள்ள உருளையைப் பிடித்துத் திருகினால் உட்பகுதி உடையும். பிறகு எஞ்சினை இயக்கி, மரையைச் சுற்றி ஆயில் கசிகிறதா என்று பாருங்கள்.