மூடிய ஆலைக்கு அருகே வசிப்போர் மண்ணையும் வீட்டுத் தூசியையும் கையாளும் முறை

ஆலை மூடப்பட்டாலும் அது மண்ணில் விட்டுச் சென்ற உலோகம் அங்கேயே கிடக்கும். ஈயமும் காட்மியமும் ஆர்சனிக்கும் தனிமங்கள் என்பதால் வெயிலாலோ மழையாலோ நுண்ணுயிர்களாலோ அவற்றை அழிக்க இயலாது. ஜாம்பியாவின் கப்வே நகரில் ஈயச் சுரங்கமும் உருக்காலையும் 1994-இல் மூடப்பட்டன. அதற்குப் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்த குழந்தைகளின் இரத்தத்திலும் ஈயம் மிகுதியாகவே இருந்தது.

அந்த ஆலையில் என்ன உற்பத்தியானது என்பதை முதலில் விசாரித்து அறியுங்கள். எந்த உலோகங்களுக்குப் பரிசோதனை கேட்க வேண்டும் என்பது அதைப் பொறுத்தது. ஈயம் உருக்கிய இடமானால் ஈயத்துடன் காட்மியத்தையும் ஆர்சனிக்கையும், முலாம் பூசிய இடமானால் நிக்கலையும் குரோமியத்தையும் கேட்க வேண்டும். வழக்கமான ஆய்வு மொத்தக் குரோமியத்தை மட்டுமே காட்டும் என்பதால், கொடிய நச்சான ஆறு இணைதிறன் குரோமியத்துக்குத் தனியாகச் சொல்லிவைப்பது அவசியம்.

மண் மாதிரி எடுப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். ஏதோ ஒரு மூலையில் ஆழமாகத் தோண்டிய ஒரு பிடி மண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. காற்றில் வந்து படிந்த ஈயம் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். ஆகையால் குழந்தைகள் விளையாடும் வெறுந்தரையில் மேலாக 2 செ.மீ. அளவுக்கும், காய்கறிப் பாத்தியில் 15 செ.மீ. ஆழம் வரையிலும், கூரைநீர் சொட்டும் சுவரோரத்தில் மறுபடியும் மேலாகவும், மூன்றையும் தனித்தனியே எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்தாறு இடங்களின் மண்ணைக் கலந்து, இடத்தையும் ஆழத்தையும் பையின் மீது எழுதிவையுங்கள். குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கு நெடுங்காலமாகக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்று இருந்த அளவை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024-இல் 200 ஆகக் குறைத்தது. இது மேற்கொண்டு ஆராய வேண்டுமா என்பதைக் காட்டும் எண் மட்டுமே. அதற்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று பொருள் கொள்ளக் கூடாது.

முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். சிறு குழந்தைகள் தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கிறார்கள்; உட்கொண்ட ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு உறிஞ்சியும் கொள்கிறார்கள். வெளியே வெறும் மண்ணாகக் கிடக்கும் இடத்தைப் புல்லாலோ மரச்சில்லுகளாலோ மாசில்லாத மண்ணாலோ முதலில் மூடிவிடுங்கள், இல்லையேல் உள்ளே எவ்வளவு துடைத்தாலும் தூசி திரும்பி வரும். காலணிகளை வாசலிலேயே விடுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் நுண்தூசி எழும்பி மீண்டும் படியும். ஆதலால் தரையையும், எளிதில் மறந்துபோகும் சன்னல் சட்டத்தின் பள்ளத்தையும் ஈரத்துணியால் துடைத்து, துணியை அடிக்கடி மாற்றுங்கள். ஆலை இயங்கிய காலத்துத் தூசி பரணில் அப்படியே இருக்கக்கூடும். அதைப் பயிற்சி பெற்றவர்களிடம் விடுவதே நல்லது.

தோட்டத்தை அடியோடு கைவிட வேண்டியதில்லை. கீரையையும் கிழங்கையும் தவிர்த்து, தக்காளி, கத்தரி போன்ற காய்க்கும் செடிகளை, அடியில் தடுப்புத்துணி விரித்துப் புதுமண் நிரப்பிய உயரப் பாத்தியில் வளர்க்கலாம். ஈயத்தைக் கட்டுப்படுத்தப் பாஸ்பேட் இடும் பழக்கம் உண்டு. ஆனால் மண்ணில் ஆர்சனிக்கும் இருந்தால் பாஸ்பேட் அதை விடுவித்துவிடும் என்பதால், ஆய்வறிக்கை கைக்கு வருமுன் எதையும் இட வேண்டாம். கிணற்று நீரில் உலோகம் இருந்தால் கொதிக்கவைப்பது பயன் தராது. நீர் ஆவியாக ஆக அதன் செறிவு கூடவே செய்யும்.

குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் இரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதித்துவிடுங்கள். விரல் நுனியில் குத்தி எடுக்கும் இரத்தத்தில் தோலில் ஒட்டிய தூசி கலந்து அளவைக் கூட்டிக் காட்டக்கூடும். ஆகவே முன்னதாகக் கையைச் சோப்பிட்டுக் கழுவி, எண் அதிகமாக வந்தால் கையின் இரத்தக் குழாயிலிருந்து (சிரை) ஊசியால் எடுத்த இரத்தத்தில் உறுதி செய்யச் சொல்லிக் கேளுங்கள்.